மகள் மிதித்த கணுக்கால்

என் மகள் கால் முன்னால் வரப் பிறந்தவள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஆனாலும் முதலில் வெளியே வந்தது கால்தான் என்று நர்ஸ் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது எங்கள் தெருவுக்குப் போதுமாக இருந்தது. முத்தையாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில், காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. "ஆபரேஷன்னா அது கணக்குல வராதே" என்று ஒருவர் இழுத்தபோது, பக்கத்து வீட்டு அக்கா, "வயித்தக் கீறி எடுத்தாலும் முதல்ல எட்டிப் பாத்தது கால்தானய்யா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவள் நன்றாக நடக்கத் தொடங்கியதிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், குடம் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட பெண்கள். முன்னறையில் குப்புறப் படுப்பார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை மிதிப்பாள். போகும்போது அவள் கையில் ஒரு மக்ரூன் இனிப்புப் பொட்டலம் இருக்கும். நான் வேதியியல் படித்து, பி.எட். முடித்து, இரண்டு வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தியவள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் கால்களைப் பற்றி அவ்வளவு பெருமை.

மற்றபடி நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பேன். பூப்பந்து மைதானத்தில் இறங்கினால் மட்டும் இந்தப் பயம் எனக்கு இருக்காது. கல்லூரியில் ஆடியது. கல்யாணத்துக்குப் பிறகு மட்டையை பீரோ மேல் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, கல்யாணமான பெண்களுக்கென்று சுற்றுவட்டாரத்தில் ஒரு போட்டி நடத்துகிறார்கள் என்று ஐந்து பேரைத் திரட்டியபோது, நான் யோசிக்கவே இல்லை. எதற்கும் மூன்று தடவை யோசிக்கிறவள்.

அரையிறுதி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடல் காற்று பலமாக இருந்தது. மஞ்சள் கம்பளிப் பந்து காற்றில் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரணியில் ஒருத்தி, "அந்தக் குண்டு அக்காட்ட போடுளா, அது ஓடாது" என்றாள். குண்டு அக்கா நான்தான். அடுத்த பந்துக்கு ஓடினேன், எட்டிக் குதித்தேன், எடுத்தும் விட்டேன். இறங்கும்போது வலது பாதம் வெளிப்பக்கமாக மடங்கியது. உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். மீதி ஆட்டத்தை நொண்டிக்கொண்டே ஆடினேன். ஜெயித்தோம்.

மறுநாள் காலையில் கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் டாக்டர் எலும்புக்குக் கீழே விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது. "எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து காட்டுங்க. அதுவரைக்கும் கால ஊனாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்கும் இடம் அடுத்த கட்டடம்தான். அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்தால் எலும்பில் ஏதாவது தெரியும். தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் நான் இல்லை. எடுக்காதவரைக்கும் இது சுளுக்கு. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சீட்டு கைப்பைக்குள் இருந்தது.

"எக்ஸ்ரே எடுத்தியா?" என்று கணவர் கேட்டார்.

"வேண்டாம்னுட்டாங்க. சுளுக்குதானாம்."

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "எங்களுக்குச் சங்கிலில ஒரு கண்ணி சந்தேகம்னாலும் தூக்கக் கூடாது. எறக்கி வச்சிட்டுப் பாக்கணும்" என்றார்.

"இது சங்கிலியா? காலுதான" என்றேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். அவர்தான் அணித் தலைவி. "ஏளா, ஞாயித்துக்கெழமைக்கு கால் தேறிருமா? இல்லன்னா அந்த டெய்லர் கடைக்காரிய எறக்கணும். அது பந்து வந்தா கண்ண மூடுது." பிறகு நானே கட்டு போட்டிருந்த காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்குள்ளயே டாக்டரம்மாவ வச்சிக்கிட்டு எதுக்குளா கட்டும் களிம்பும்?"

நான் மறுத்திருக்கலாம். பாயில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மகள் பாதத்தைக் கழுவிவிட்டு வந்தாள். அவளாகவே வைத்துக்கொண்ட பழக்கம் அது. "வலிச்சா சொல்லணும், என்ன?" என்றாள். பூவை வைப்பதுபோலப் பாதத்தை வைத்தாள். மூன்று தடவை. மூன்று தடவையும் வலித்தது.

"போயிட்டா?"

"போயிட்டு மக்கா" என்றேன். அவள் நம்ப வேண்டுமே என்று எழுந்து நின்று இரண்டு எட்டும் நடந்து காட்டினேன். அக்கா கை தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஷூவுக்குள் காலை நுழைக்கும்போது கணவர், "ஆடலாம்னு யாரு சொன்னா?" என்றார். நான் மகளைக் காட்டி, "டாக்டரம்மாதான்" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார்.

இறுதி ஆட்டம் மூன்றாவது செட் வரை போனது. நடுவில் அக்கா கிட்டே வந்து, "முடியலன்னா சொல்லு, மாத்திருதேன்" என்றார். "முடியும்" என்றேன். அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "கட்டு போட்ட கால் பக்கமா போடுளா" என்றது. அதன் பிறகு எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை. பிள்ளை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறாள் என்பதுகூட. அந்தப் பக்கமாக வந்த மூன்று பந்துகளை வரிசையாக எடுத்தேன். நான்காவதுக்குக் காலை ஊன்றியபோது ஊன்ற எதுவும் இல்லாததுபோல் இருந்தது. செம்மண்ணில் விழுந்தேன். பாதம் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பதிலாக டெய்லர் கடைக்காரி இறங்கினாள். ஜெயித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது போனில் சொன்னார்கள். நான் இல்லாமலே ஜெயித்திருக்கிறார்கள் என்பது அந்த வலியிலும் எனக்கு உறைத்தது.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "போன வாரமே கோடு விழுந்திருக்கும்மா. அதோட ஓடியாடவும் விலகிட்டு. அன்னைக்கே மாவுக்கட்டுப் போட்டிருந்தா ஆபரேஷனே வேண்டாம்" என்றார். கணவர் பணம் கட்டப் போயிருந்த நேரம் அது. நான் மெல்ல, "ஒரு சின்னப் பிள்ளை மேல மிதிச்சா இப்படி ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன். "பதினாறு கிலோ இருக்குமா? ஆகாது. நீங்க ஆடினதுதான்" என்றார். நான் மட்டும்தான் அதைக் கேட்டேன்.

கணுக்காலில் தகடு வைத்து, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்கள். அக்கா கோப்பையோடு பார்க்க வந்தார். உட்காரும்போதே கண்ணீர். "நாமதான் தப்புப் பண்ணிட்டோம்ளா. சுளுக்குன கால்ல போயி பிள்ளைய மிதிக்க விட்டோமே. அதுலதான் எலும்பு வெலகியிருக்கும்."

கணவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளைய மிதிக்க விட்டியா? படிச்சவதான நீ?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எக்ஸ்ரே சீட்டு, டாக்டர் சொன்னது, ஆடுவதற்கு முன்பே எனக்கு வலித்தது, எல்லாவற்றையும். "தப்புதான்" என்று மட்டும் சொன்னேன். சின்னத் தப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. பெரிய தப்பை அதற்குப் பின்னால் வைத்துவிட்டேன். மூடநம்பிக்கைக்கு இடம் கொடுத்த அம்மா என்று பெயர் வந்தால் பரவாயில்லை. கோப்பைக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்ன அம்மா என்று வரக் கூடாது. அப்போது மகள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்திருக்கும் என்று நினைத்தேன். புரியாது என்று நானே முடிவும் செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் என் கட்டிலில் ஏறவில்லை. பக்கத்தில் கூப்பிட்டால் நாற்காலியில் சம்மணம் போட்டு, பாதங்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூட்டை ஏற்றும் அண்ணாச்சி ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்ல" என்று சொல்லி அவரை அனுப்பினேன். இந்த மிதிக்கிற வழக்கம் ஒழிந்ததே என்று உள்ளுக்குள் நிம்மதிகூடப் பட்டேன். ஐந்து நாள் இப்படியே போனது. ஒவ்வொரு நாளும், அவளே மறந்துவிடுவாள், நாம் கிளறினால்தான் பெரிதாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தேன். விழித்துப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்து, என் பழைய கட்டுத்துணியைத் தன் பாதங்களில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கால் முடிந்துவிட்டது. இன்னொன்றில் பாதி.

"ஏளா, உனக்குக் கால்ல என்ன?"

"ஒண்ணும் இல்ல. யாரு மேலயும் படாம இருக்கதுக்கு."

வாக்கரைப் பிடித்துக் கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்காருவதற்கே எனக்கு நேரம் பிடித்தது. உதவ வந்தவள், பாதி வழியில் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நீ மிதிச்சதுல அம்மா கால் ஒடயல" என்றேன். "அதுக்கு முன்னாலயே ஒடஞ்சிருந்துச்சு."

"அத்தை சொன்னாங்களே." பக்கத்து வீட்டு அக்காவை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தைக்குத் தெரியாது. டாக்டர் எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் யாருட்டயும் சொல்லல."

"நான் மிதிக்கையில வலிக்கலன்னு சொன்ன?"

"வலிச்சுது. அம்மாவுக்கு வெளையாடணும்னு ஆசை. வலிக்குதுன்னா விட மாட்டாங்கல்லா? அதான் பொய் சொன்னேன்."

"அப்பம் நான் மிதிச்சதுல சரியாகவும் இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மேலிருந்த பழியை எடுத்தால் பெருமையும் கூடவே போய்விடும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கொஞ்சம் சரியானது என்று சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை.

"இல்ல மக்கா. சரியாகல."

அவள் அழவில்லை. "அத்தைட்ட சொல்லு" என்றாள். என் போனை எடுத்துவந்து மடியில் வைத்தாள். "சத்தமா போடு."

ஸ்பீக்கரைப் போட்டு அக்காவை அழைத்தேன். அடுத்த வீட்டில் போன் அடிப்பது சுவர் வழியாகவும் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு எழுதிக் கொடுத்தது, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியது, எலும்பு டாக்டர் சொன்னது.

"எனக்கும் அரையிறுதி அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சுளா" என்றார் அக்கா. "உன் கால்ல. நானும் பக்கத்துலதான நின்னேன். கப்பு வேணும்னு இருந்துச்சு. பிள்ள மிதிச்சா நீ தைரியமா வருவேன்னுதான் சொன்னேன்." பிறகு குரலை மாற்றி, "பிள்ள இருக்காளா அங்கன? ஏ தங்கம், அத்தை தப்பாச் சொல்லிட்டேன்ளா. மன்னிச்சிரு" என்றார்.

"சரி" என்றாள் மகள், போனைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "அப்பாட்ட?"

"வரட்டும். சொல்லுதேன்."

"நீ சொல்ல மாட்ட."

எழுந்து வாசல் படிக்குப் போய், அப்பாவின் பைக் திரும்பும் முனையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் ஷிப்ட் முடிந்து வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. "வெயிலா இருக்கு, உள்ள வா" என்றேன். வரவில்லை. சுற்றிய துணியை ஒரு காலிலிருந்து அவிழ்த்துப் போட்டிருந்தாள். மற்றக் காலில் அது அப்படியே இருந்தது.