தங்கையிடம் பார்த்த சோதனை

கீழ் இமையில் செயற்கை முடி ஒட்ட வருகிறவர்களுக்குச் சிந்துஜா ஒரு விதி வைத்திருந்தாள். ஒட்டுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பு, அதே பசையில் மூன்று முடிகளை அவர்கள் கண்ணோரத்தில் ஒட்டி அனுப்புவாள். வீக்கம், அரிப்பு ஒன்றும் இல்லையென்றால்தான் படுக்க வைப்பாள். நான்கு ஆண்டுகளில் இந்த விதியை அவள் ஒரே ஒரு முறை மீறினாள். அது 2025 மே 29, வியாழக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று. கடலூர் முதுநகரில் பிறந்தவள். அப்பா தேவசகாயம் ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றியவர். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் ஐந்து ஆண்டு ஏழு மாதம் கண் பார்வை சோதிக்கும் வேலையில் இருந்தாள். பிறகு புதுச்சேரியில் பன்னிரண்டு நாள் பயிற்சி எடுத்து, ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் செல்போன் கடைக்கு மேலே, ஒன்பதடிக்குப் பதினோரடி அறையில் தொழில் தொடங்கினாள். அதுவரை கீழ் இமையில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒட்டியிருந்தாள். ஒருவருக்கும் கண் சிவந்ததில்லை.

மேல் இமையைவிடக் கீழ் இமை சங்கடமானது. அங்கே முடி மெலிசு. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீளம் வைத்தால் கனம் தாங்காது. தோலில் படாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்ட வேண்டும். கண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதும் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் பாதி திறந்திருக்கும்போதே ஒட்டுவதால் பசையின் ஆவி நேராக உள்ளே போகும்.

அன்று வந்தவள் கீரப்பாளையம் கனிமொழி. கல்யாணம் அவளுடைய அக்கா வெண்மதிக்கு. நிச்சயதார்த்த வீடியோவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மாள், பெண்ணுக்குக் கண் சின்னது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். முகூர்த்தத்தன்று அந்த அம்மாளின் வாயை அடைக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

“கல்யாணப் பொண்ணு எங்க?” என்றாள் சிந்துஜா.

“நேத்து பந்தக்கால் நட்டுட்டாங்கக்கா. இனிமே மண்டபத்துக்குக் கெளம்புற வரைக்கும் ஊரு எல்லைய தாண்டக் கூடாதுன்னு அம்மா ஒரே புடியா நிக்குது. எனக்கு ஒட்டிப் பாருங்க.”

“உனக்கு ஒட்டுனா அவளுக்குச் சேருமான்னு எப்படித் தெரியும்?”

“ஒரே வயித்துல பொறந்தவங்கதான? அவளுக்கு எறா சேராது, எனக்கும் சேராது. அவளுக்குக் கோவம் ஜாஸ்தி, எனக்கும் ஜாஸ்தி. இதுக்கு மேல என்னக்கா சாட்சி வேணும்?”

சிந்துஜா சிரித்துவிட்டாள். கீரப்பாளையத்துக்குத் தானே போய் வரலாம். ஆனால் ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் வேறு ஆட்கள் வரவிருந்தார்கள். “முன்னாடி எப்பயாவது இமை ஒட்டியிருக்கியா?” என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “இல்லக்கா” என்றாள் கனிமொழி. மூன்று முடிகளை ஒட்டி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை போனில் செய்தி வந்தது. ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை சிதம்பரத்தில் மண்டபத்து மணமகள் அறை. மறுநாள் காலை முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் முடியட்டும் என்று தாய் விருத்தாம்பாள் சொன்னதால் சிந்துஜா பத்து ஐம்பதுக்கு வலது கண்ணில் தொடங்கினாள். மேல் இமை முடியை டேப்பால் தூக்கி ஒட்டிவிட்டு, இடுக்கியால் ஒவ்வொரு முடியாகப் பசையில் தொட்டு வைத்தாள்.

விருத்தாம்பாள் எட்டிப் பார்த்தாள். “நாத்து நடுறாப்புல ஒண்ணொண்ணா நடுறியே பொண்ணே! எங்க கொல்லைக்கு வரியா, குறுவைக்கு ஆளு கெடைக்கல.”

“சிரிக்க வைக்காதம்மா, கண்ணு ஆடுது” என்றாள் வெண்மதி.

“நாளைக்கு இந்நேரம் வரைக்கும் தண்ணி படக் கூடாதும்மா” என்றாள் சிந்துஜா. “எண்ணெ வேணாம், மை வேணாம், கசக்கக் கூடாது.”

பத்தொன்பதாவது முடி வைக்கும்போது வெண்மதியின் கால் விரல்கள் மடங்குவதைக் கண்டாள். இடுக்கி நின்றது.

“எரியுதா?”

“லேசாக்கா. போன தடவ மாதிரிதான்.”

“எந்தப் போன தடவ?”

“நிச்சயத்துக்கு வேற எடத்துல மேல் இமையில ஒட்டுனேன். மறுநாள் ஒரே அரிப்பு. அம்மா வெளக்கெண்ண வுட்டுச்சு, நாலு நாள்ல அடங்கிடுச்சு.”

கேட்க வேண்டிய கேள்வியைச் சிந்துஜா கேட்டிருந்தாள். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டிருந்தாள். ஒரு முறை ஒவ்வாமல் போன உடம்பு மறுமுறை இன்னும் வேகமாக எதிர்க்கும் என்று பயிற்சியில் சொன்னது காதில் கேட்டது. இமை விளிம்பில் நூல் போல ஒரு சிவப்பு ஓடியிருந்தது.

“எடுத்துடுறேன்” என்றாள்.

“எடுக்கறதா? சாயந்திரம் ரிசப்ஷன வச்சிக்கிட்டு என்னாடி பேசுற? இன்னொரு கண்ணுல போடு” என்றாள் விருத்தாம்பாள்.

“போட மாட்டேம்மா. நாளைக்குக் கண்ணு தொறக்காமப் போயிடும்.”

பசையைக் கரைக்கும் களிம்பு தடவி, மூன்று நிமிடம் பொறுத்து, பத்தொன்பதையும் உருவி எடுத்தாள். மணி பதினொன்று நாற்பத்தைந்து. டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். சம்பந்தி வீடு என்ன பேசும் என்று விருத்தாம்பாள் மறுத்தாள். அழைத்துப் போகாமல் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று சிந்துஜா நின்றுகொண்டாள். கடைசியில் வெண்மதியின் முகத்தைத் துப்பட்டாவால் மூடி, சமையல் கட்டு வழியாகக் கூட்டிப் போனார்கள். சொட்டு மருந்தும் மாத்திரையும் எழுதிக் கொடுத்த டாக்டர், “பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வீக்கம் எறங்குறதுக்கு முன்னாடி ஏறும். நாலு நாள் ஆகும்” என்றார்.

சிந்துஜா முதுநகருக்குத் திரும்பவில்லை. ரிசப்ஷனில் போட்டோக்காரரிடம் இடது பக்கமாகவே எடுக்கச் சொன்னார்கள். மணிக்கொரு தரம் அவள் வெண்மதியை அறைக்குள் அழைத்துப் போய்க் குளிர்ந்த துணி வைத்தாள். ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் கூடியிருந்தது. ஞாயிறு காலை ஐந்தே காலுக்கு வலது கண் வெறும் கோடாகிவிட்டது.

ஏழு நாற்பதுக்குப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தார்கள். தங்கம்மாள் குனிந்து முகத்தைப் பார்த்தாள், நிமிர்ந்தாள்.

“இத எத்தினி நாளா மறைச்சி வச்சிருந்தீங்க?”

“தூக்கமில்ல சம்பந்தி, அதான்…” என்று இழுத்தாள் விருத்தாம்பாள்.

மூன்றாம் வரிசையில் இருந்த சிந்துஜா எழுந்து மேடை ஏறினாள். பின்னால் யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள், உதறினாள்.

“பொண்ணு கண்ணுல ஒரு கொறையும் இல்லீங்கம்மா. நான் ஒட்டுன பசை. தங்கச்சிகிட்ட சோதிச்சிட்டு அக்காவுக்கு ஒட்டுனேன். தப்பு என்னுது. நாலு நாள்ல சரியாயிடும்.”

தங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இவங்க சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா?”

“சத்தியமா இல்லம்மா.”

“நாலு நாளுதான? அப்ப நீயும் கெளம்பு. கண்ணு தெறக்கற வரைக்கும் எங்க வூட்டுலயே இரு. தெறக்கலன்னா நீயும் இவளும் ஒண்ணாவே திரும்பி வந்துக்கலாம்.”

சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். எட்டு ஐந்துக்குத் தாலி ஏறியது. கெட்டிமேளச் சத்தத்தில் யார் அழுததும் கேட்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு வேன் சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டது. சிந்துஜா, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மணப்பெண்ணுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தங்கம்மாள் யாரிடமோ போனில் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். வெண்மதி திரும்பவில்லை, தலையை மட்டும் பின்னுக்குச் சாய்த்து, உதடு அசையாமல் சொன்னாள்.

“அக்கா, பசையே படாத இடது கண்ணும் இப்ப அரிக்குது.”