எஃகை வெட்டிய தையல் மோட்டார்

ரூபீனாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். வீடு மயிலாப்பூரில், முதல் மாடியில் ஒரு போர்ஷன். கணவர் முதஸ்ஸிர் தி. நகரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

அந்த வீட்டு பால்கனியில் துணி காயப்போடும் இடத்தில் பாதியை ஒரு மில்லிங் மிஷின் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே சுழலும் வெட்டுமுனை, கீழே கைப்பிடியைச் சுற்றினால் நகரும் மேசை. மேசையில் கவ்வி வைத்த உலோகத்தை வெட்டுமுனை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கும். தொழிற்சாலைகளில் இது ஆள் உயரத்துக்கு இருக்கும். ரூபீனாவிடம் இருப்பது ஆசைக்காக வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன வகை. ஏழு வருடத்துக்கு முன்பு, அசோக் நகரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் வாங்கியது. மூன்று பேர் சேர்ந்து மூச்சு வாங்க மாடியேற்றினார்கள்.

"இத வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்று முதஸ்ஸிர் கேட்டார்.

ரூபீனாவுக்கு அது பிடித்திருந்தது, வாங்கிவிட்டார். யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோக்களைப் பார்த்தும், கிலோக்கணக்கில் பித்தளையைப் பாழாக்கியும் தானாகவே கற்றுக்கொண்டார். முதலில் ஜன்னல் கொக்கி ஒன்று உருப்படியாக வந்தது. பிறகு மிக்ஸியின் உடைந்த அடித்துண்டு. அதற்குப் பிறகு தெருவே தேடி வர ஆரம்பித்தது. யார் வீட்டில் எது உடைந்தாலும், "எக்ஸ்ரே அக்காகிட்ட கேளு" என்றார்கள்.

போன ஆவணி மாதம் அப்படித்தான் இசக்கிமுத்து வந்தார். மந்தைவெளி மார்க்கெட் பக்கம் சாவி செய்கிறவர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் அவருக்கு நடையும் கடையும். வண்டியிலேயே சாவிகள் தொங்கும், வண்டியிலேயே உட்கார்ந்து அரம் போடுவார். அன்று அந்த வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"தங்கச்சி, கைப்பிடி சுத்துது, சக்கரம் சுத்தமாட்டேங்குது. நடுவுல ஒரு கட்டை கீதே, அது தேஞ்சிபூட்ச்சு. இந்த மாடல் இப்ப வர்றதில்லையாம். ரெண்டு பட்டறையில கேட்டேன். ஒத்தைப் பீஸுக்கு மிஷின் போடமாட்டாங்களாம்."

கைப்பிடியையும் அச்சையும் இணைக்கும் எஃகுத் துண்டு அது. அச்சு உட்காரும் பள்ளம் உள்ளே தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ரூபீனா திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை அவர் பித்தளையும் அலுமினியமும்தான் வெட்டியிருந்தார். ஆனாலும், "சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை மிஷினில் புது எஃகுத் துண்டைக் கவ்வி, பள்ளம் வெட்ட ஆரம்பித்தார். வேலை மெதுவாக நகர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு இசக்கிமுத்து ஆட்டோவில் வந்து இறங்குவார் என்ற நினைப்பில், ஒரு சுற்றுக்கு எடுக்க வேண்டிய ஆழத்தைப் போல மூன்று மடங்கு இறக்கினார். மோட்டார் முனகியது. வேகத்தைக் கூட்டினார். முனகல் உறுமலாகி, சட்டென்று நின்றது. எரிந்த வார்னிஷ் நாற்றம் சமையலறை வரை போனது. இசக்கிமுத்துவை அன்று வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்.

ராயப்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பி கட்டுகிற டில்லிபாபு அதைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, கம்பி மட்டும் போயிருந்தா கட்டிக் குடுத்துடுவேன். உள்ள எல்லாமே உருகிப்போய் கீது. வேற மோட்டார் பாருங்க." அதே மோட்டாரை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகும், அதுவும் நிச்சயம் இல்லை.

கால்வாய்க் கரையோரம் இருந்த இசக்கிமுத்துவின் வீட்டுக்கு ரூபீனாவே போய் விஷயத்தைச் சொன்னார். வண்டி பிரித்த நிலையில் வாசலில் நின்றது. "என் அவசரத்தாலதான் எரிஞ்சுதுண்ணா. தப்பு என்மேலதான்."

இசக்கிமுத்து கோபப்படவில்லை. "உடு தங்கச்சி. மிஷின்னா எரியும்" என்றார். திட்டியிருந்தால்கூட ரூபீனாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வேலைக்குப் போக முடியாமல் ஒரு மனிதர் தன்னால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது மருத்துவமனையிலும் அவரைத் துரத்தியது. நோயாளியின் வலது கையைப் படமெடுக்கப் போய், இடது கையை நீட்டச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கணவரின் கடைக்குப் போனார். மூன்று பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். ரூபீனா ஸ்டூலில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். முதஸ்ஸிர் தடித்த பட்டுத் துணியை நான்காக மடித்து ஊசிக்கு அடியில் கொடுத்தார். மிதியைக் கால் தொட்டதும் மிஷின் ஒவ்வொரு தையலாக, நிதானமாகக் குத்தியது. அழுத்தினார், பறந்தது. காலை எடுத்தார், நின்றது. சத்தமே இல்லை.

ரூபீனா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். தேங்காய் அளவில் கறுப்பு மோட்டார் ஒன்று பெல்ட்டோடு தொங்கியது.

"இதுல எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்கா?"

"நாலாவது மிஷின் சும்மாதான் கீது, ஆள் ஊருக்குப் போயிட்டான். ஏன்?"

"அந்த மோட்டாரக் குடுங்க."

முதஸ்ஸிர் மிதியிலிருந்து காலை எடுத்தார். "துணி தைக்கிற மோட்டார் இரும்ப வெட்டுமா?"

"சுத்துறதுதானே அதோட வேலை? எத சுத்துறோம்னு அதுக்குத் தெரியுமா?"

தையல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதஸ்ஸிரும் சிரித்தார். "எடுத்துக்க. கருகிடுச்சுன்னா ரம்ஜான் வரைக்கும் நீதான் வந்து காஜா எடுக்கணும்" என்றார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு ரூபீனா வீட்டுக்கு வந்தார்.

முதல் சிக்கல் மிதி. மில்லிங் மிஷினில் இரண்டு கையும் மேசைக் கைப்பிடிகளில் இருக்கும். காலால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. மிதியோடு இணைந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். மிதி சேரும் இடத்தில் மிளகளவு காந்தம் ஒன்றுதான் இருந்தது. மிதி அழுந்தினால் காந்தம் நகரும், நகர நகர வேகம் கூடும். அவ்வளவுதான் சங்கதி. மிதியைக் கழற்றிவிட்டு, காந்தத்தை நகர்த்த ஒரு திருகு வைத்தார். திருகினால் வேகம், எதிர்ப்புறம் திருகினால் நிதானம்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. இந்த மோட்டாரை மிஷின் தலையில் உட்காரவைக்க, விரல் தடிமனுக்கு ஓர் அலுமினியத் தகடு வேண்டும். அதில் நான்கு துளைகள், பெல்ட்டை இழுத்துக் கட்ட இரண்டு நீளப் பிளவுகள். பிளவுகள் கோணலானால் பெல்ட் கழன்றுவிடும். மிஷின் ஓடினால் அரை மணி நேர வேலை. ஆனால் மிஷின் ஓடத்தான் இந்தத் தகடே!

துளைகளைக் கை டிரில்லால் போட்டார். பிளவுக்காக அரம் பிடித்துத் தேய்த்ததில் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்தது, பிளவும் சாய்ந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: முப்பது வருடமாக அரம் பிடிக்கிற ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே!

புதுத் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனார். வரைந்திருந்த கோடுகளைக் காட்டினார். இசக்கிமுத்து தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் இங்க சுவத்தப் பாத்துக்கினு குந்திக்கினு கீறேன்."

வெள்ளி, சனி இரண்டு நாள் பகலும் அவர் அரம் போட்டார். ஞாயிறு காலை ரூபீனா போனபோது, இரண்டு பிளவுகளும் அடிக்கோல் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாமல் நேராக இருந்தன. "போல்ட்டப் போட்டுப் பாரு" என்றார். போல்ட் ஆடாமல், சிக்காமல் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனது. "நானும் வர்றேன், தங்கச்சி. என் தகடு இன்னா பண்ணுதுன்னு பாக்கணும்."

ஆட்டோவில் வந்து, கைகளாலேயே ஒவ்வொரு படியாக மாடியேறினார். முதஸ்ஸிர் பின்னாலேயே அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டாரைத் தகட்டில் பூட்டி, தகட்டை மிஷினில் பூட்டி, பெல்ட் மாட்டி, எஃகுத் துண்டைக் கவ்வினார்கள். ரூபீனா திருகை மெல்லத் திருப்பினார். வெட்டுமுனை சத்தமில்லாமல் சுழன்றது. மேசையை நகர்த்தினார்.

கிறீச்சென்று ஒரு அலறல். புகை வந்தது. எஃகில் ஒரு கீறல்கூட இல்லை.

முதஸ்ஸிர் ஃபேனைப் போட்டார். இசக்கிமுத்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ரூபீனா மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை. மறுபடியும் மெதுவாக ஓடவிட்டு, குனிந்து வெட்டுமுனையின் பற்களைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"தலைகீழா சுத்துதுங்க! பல்லோட முதுகுதான் இரும்புல உரசுது."

"அட, அதுக்கு செட்டிங் கீதே" என்று முதஸ்ஸிர் எழுந்து வந்தார். மோட்டார் பெட்டியின் பொத்தான்களை இரண்டு முறை அழுத்தி, அதில் தெரிந்த எண் ஒன்றை மாற்றினார். புது மிஷின் பூட்டும்போதெல்லாம் அவர் செய்கிற வேலைதான் அது.

மழுங்கிய வெட்டுமுனையை மாற்றிவிட்டு, ரூபீனா மீண்டும் திருகினார். இந்த முறை ஆழத்தைக் கொஞ்சமாகவே வைத்தார். வெட்டுமுனை எஃகைத் தொட்டது. சர்ரென்ற ஒரே சீரான ஒலி. வெள்ளிச் சுருளாய் சீவல் கிளம்பி மேசையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. பழைய மோட்டாரில் பித்தளை வெட்டியபோதுகூட மிஷின் இப்படி ஓடியதில்லை. மேசை அதிரவில்லை. வெட்டிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம் பளபளத்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் முதஸ்ஸிர், தன் மோட்டாரைப் பார்த்து.

"தகடு ஆடுதா பாரு! ஆடுதா?" என்றார் இசக்கிமுத்து.

ஆடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் பள்ளம் முடிந்தது. ரூபீனா ஓரங்களை அரத்தால் மழுக்கி, இன்னும் சூடு ஆறாத அந்தத் துண்டை இசக்கிமுத்துவின் கையில் வைத்தார். அவர் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அன்று மாலையே வண்டியில் பூட்டினார்கள். கைப்பிடியைச் சுற்றினார், சக்கரம் உடனே சுற்றியது.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு, ரூபீனா ஈய அங்கியோடு எக்ஸ்ரே அறையில் நின்றிருந்தபோது போன் அடித்தது.

"தங்கச்சி, நான் எங்க கீறேன் சொல்லு?"

"மார்க்கெட்லதான?"

"அடையாறு திரு.வி.க. பாலத்து உச்சில! இத்தினி வருசத்துல ஒரு தபா இந்த ஏத்தம் ஏறினதில்ல. பழைய கட்டை பாதியில வழுக்கிடும், நானும் உட்ருவேன். இன்னிக்கு நிக்காம ஏறிட்டேன். கீழ ஆறு தெரியுது. உங்க ஆஸ்பத்திரி கேட்டு எந்தப் பக்கம்?"

ரூபீனா வழி சொன்னார். அடுத்த நோயாளியிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு, அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் படியிறங்கி வாசலுக்கு ஓடினார். இறக்கத்தில் வேகம் பிடித்து, மணியை விடாமல் அடித்துக்கொண்டு, சாவிகள் குலுங்க இசக்கிமுத்து வந்துகொண்டிருந்தார்.