அண்ணன் அனுப்பிய கல்யாணக் கார்டு

பூட்டைக் கண்டால் தினேஸ்வரிக்குக் கை சும்மா இருக்காது. மலேசியாவில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கணினி வந்த மாதமே அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். தலைமையாசிரியர் தன் கார் நம்பரையே வைத்திருந்தார், பாவம். அடி என்னவோ இவளுக்குத்தான் விழுந்தது. அன்று பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை.

இப்போது முப்பத்தெட்டு வயது. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பராமரிக்கிறாள். வேலை முடிந்து குனோங் ராபாட் வீட்டுக்கு வந்தாலும் உட்காரமாட்டாள். நடந்துகொண்டே சாப்பிடுவாள், கணினிப் பாதுகாப்பு பற்றி எதையாவது படித்துக்கொண்டே துணி மடிப்பாள். "ஒரு எடத்துல உக்காருலா, எனக்குத் தல சுத்துது," என்பான் கணவன் டொமினிக். கணினிப் பாதுகாப்பில் முதுகலை படிக்க விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்த பிறகு வீட்டில் யாருக்குமே நிம்மதி இல்லை. இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் மறுபடி கேட்க அவளுக்குத் தைரியம் வராது.

நேர்முகத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தேவன் அண்ணனின் எண்ணிலிருந்து வாட்சப்பில் ஒரு கல்யாணக் கார்டு வந்தது. அவள் டொமினிக்கை மாதா கோயிலில் கைப்பிடித்த நாளிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. நம்மவர்கள் சண்டை அப்படித்தான். வருடக்கணக்கில் முகம் பார்க்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் கல்யாணம் என்றால் கார்டு போகும், கார்டு வந்தால் பகை முடிந்தது. அதற்குப் பிறகும் போகாதவனைத்தான் ஊர் ஏசும். அண்ணன் மகள் ஷர்மினிக்குக் கல்யாண வயது.

கார்டின் பெயருக்குப் பின்னால் ஏபிகே என்று இருந்தது. படம் அப்படி வராது. போனுக்குள் புகுந்து திருடும் செயலிதான் அப்படி வரும். மருத்துவமனையில் எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் அவள். பார்த்தாள், தெரிந்தது, திறந்தாள். அனுமதிக்கவா என்று போன் கேட்டது. அதற்கும் சரி என்றாள்.

கார்டும் இல்லை, ஷர்மினியும் இல்லை. போனை அணைப்பதற்குள் அதே கார்டு அவள் பெயரில் போனில் இருந்த எல்லா எண்களுக்கும் போய்விட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. போனைச் சுத்தம் செய்துவிட்டு அழுதாள். ஏமாந்ததற்கு இல்லை, அண்ணன் கூப்பிடவில்லை என்பதற்கு.

"இத யார்கிட்டயும் சொல்லாத. சீட்டு கெடைக்காது," என்றான் டொமினிக்.

நேர்முகத்துக்குப் போகிற வழியில் கோப்பெங் ஊரைத் தாண்டும்போதும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். பல்கலைக்கழக அறையில் எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மலாய்க்காரப் பேராசிரியை, விவரம் தெரிந்தவர்களும் ஏன் ஏமாறுகிறார்கள் என்று கேட்டார். அவசரம், ஆசை என்று புத்தகப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. போன வாரம் நானே ஏமாந்தேன் என்று நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஒருவர் சிரித்தேவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை. அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்பதுதானே முதல் பாடம் என்றார்.

"எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச்சு இருந்திருந்தால் திறந்திருக்கவே மாட்டேன். பேசாதவரிடமிருந்து ஒன்று வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நான் அதைத்தான் படிக்க வேண்டும்." தான் எழுந்து நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பேராசிரியை மற்ற இருவரிடமும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். அதையே ஆய்வாக எடுத்துக்கொள்ளுங்கள், இடம் தருகிறோம் என்றார். பிறகு, "உங்கள் அண்ணன் போனும் கெட்டிருக்குமே. அவருக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. வெளியே நடைவழியில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். அண்ணன் எடுத்தான்.

"அண்ணே, தினேஸ்வரி பேசுறேன். ஒங்க போன் கெட்டுப் போயிருக்கு. கல்யாணக் கார்டுன்னு எது வந்தாலும் தொறக்காதீங்க."

"தெரியும். ஷர்மினிதான் சரி பண்ணிக் குடுத்தா. இனிமே எதயும் தொறக்காதப்பான்னு படிச்சுப் படிச்சு சொன்னா. அப்பறம் பாத்தா ஒன் பேர்ல ஒன்னு கெடந்துச்சு. தொறந்துட்டேன்லா."