டெல்மர் ஓட்டாத விமானம்

"தெக்குக் காத்து. இன்னைக்கும் தெக்குக் காத்து. இந்த ஓடுபாதையக் கெழக்கு மேக்காப் போட்ட மடையன் எவன்னு எனக்குத் தெரியணும்."

காலை ஏழு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிக் குவளையோடு நின்று டெல்மர் ஹூப்னர் சொல்லும் வசனம் இது. எங்கள் இரண்டு வீட்டுக் கொல்லையிலிருந்தும் பார்த்தால் புல் ஓடுபாதை தெரியும். அதன் ஓரத்தில் கம்பத்தில் கட்டிய ஆரஞ்சு நிறத் துணிப்பையும் தெரியும். பை எந்தப் பக்கம் ஊதி நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இருந்து காற்று வருகிறது. கோடை முழுக்க அது வடக்கே பார்த்துத்தான் நிற்கும். ஓடுபாதை கிழக்கு மேற்கு. இறங்குகிற விமானத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். நிலத்தைக் கொடுத்த விவசாயி தன் சோளக்காடு கெடாமல் ஓரமாகக் கொடுத்தான், அவ்வளவுதான் விஷயம். டெல்மருக்கும் அது தெரியும்.

ஒருநாள் எனக்கு அடுப்பில் வேலை கிடந்தது. பொறுமை போய்விட்டது. "காத்து எங்கேருந்து அடிச்சா என்ன டெல்மர், நீங்க பறக்கவா போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் வேலிப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் வந்து, "தெக்குக் காத்து" என்றார். நானும் "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

டெல்மருக்கு எழுபத்தேழு வயது. முப்பத்தெட்டு வருஷம் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்த கை. விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த மூலையில் அவர் கை படாத அறுவடை இயந்திரம் குறைவு. இருபத்திரண்டு வயதில் விமானம் ஓட்ட உரிமம் வாங்கினார். பிள்ளைகள் பிறந்ததும் பறப்பது நின்றுபோனது. ஐம்பத்தாறு வயதில், பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன வருஷம், கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். எலும்பெல்லாம் மரம், தோல் துணி.

முடிக்கப் பதினைந்து வருஷம் ஆனது. அவர் மனைவி ஆர்டிஸின் கார் பதினைந்து குளிர்காலம் வெளியே பனியில் நின்றது. காலையில் ஆர்டிஸ் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே என்னிடம் சொல்வாள்: "ஊர்ல இருக்கற ஆம்பள குடிக்கறான், சூதாடறான். என் புருஷன் பசை காய்ச்சறான். யார்கிட்ட போய்ச் சொல்லி அழ?"

பசை என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும் இரண்டு துண்டு மரத்தை ஒட்டி வைப்பார். மறுநாள் அதை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி உடைப்பார். ஒட்டின இடம் விடாமல் மரம் கிழிந்தால் அந்தப் பசை நல்ல பசை. பசை விட்டால் முந்தின நாள் ஒட்டிய அத்தனையும் குப்பைக்குப் போகும். உடைந்த துண்டுகளில் தேதி எழுதி பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். பதினோரு டப்பா. இறக்கைக்குத் துணி போர்த்தியபோது என் இஸ்திரிப் பெட்டியும் போனது. சூடு பட்டால் அந்தத் துணி இறுகி மத்தளம் மாதிரி ஆகும். "அரை மணி நேரம்தான் பெர்னிஸ்" என்று வாங்கிப் போனவர் ஐந்து வாரம் கழித்துத் தந்தார். நான் அதற்குள் புதுசு வாங்கிவிட்டேன்.

இத்தனையும் எதற்கு? ஜூலை மூன்றாவது சனிக்கிழமை இந்த ஊரில் சின்ன விமானக்காரர்கள் கூடுவார்கள். எண்பது, தொண்ணூறு விமானம் வந்து இறங்கும். இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டுத் தூங்குவார்கள். ஒவ்வொரு விமானம் தரையைத் தொடும்போதும் ஹார்லன் என்கிறவன் ஒலிபெருக்கியில், ஓட்டி வந்தவர் பெயர், ஊர், விமானம் என்று சொல்லுவான். அந்தப் புல்லில் தன் கையால் இறக்க வேண்டும், தன் பெயரை ஹார்லன் சொல்ல வேண்டும். டெல்மர் கேட்டது அவ்வளவுதான். பதினைந்து வருஷமும் அவர் அந்தக் கூட்டத்துக்குத் தன் வண்டியில்தான் போனார். ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு வயலில் கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டு நின்றார்.

எழுபத்தொன்றாவது வயதில் விமானம் முடிந்தது. பயிற்சியாளர் ஒருவரோடு இருபது மணி நேரம் வேறு விமானம் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொண்டார். அப்போது அவருடைய பள்ளிக்கூட நண்பன் ரூடி வோய்ட் வந்தான். ரூடியும் விமானம் வைத்திருப்பவன். ஆர்டிஸ் வீட்டு மேசையில் அன்று நானும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"டேய் டெல், நல்லாக் கேட்டுக்க. இந்தச் சின்ன விமானத்துக்குக் கார் லைசன்ஸ் போதும். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டாம். ஆனா கடைசியாப் போனப்ப டாக்டர் உன்னை வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாது. உன் பழைய சர்ட்டிபிகேட் சும்மா காலாவதிதான் ஆச்சு. அதனால உனக்கு ஒரு குத்தமும் இல்ல. விமான டாக்டர் வாசல மட்டும் மிதிக்காத, புரியுதா?"

"புரியுது" என்றார் டெல்மர்.

புரிந்துகொண்டு நேராகப் போய் அந்த வாசலைத்தான் மிதித்தார். ஏன் என்றால், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கொல்லையில் இலை வாரிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்திருந்தார். பத்து விநாடி இருக்கும். எழுந்து மிச்ச இலையையும் வாரினார். ஆர்டிஸைத் தவிர யாரும் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது, எப்போதாவது நினைவு தப்பியதுண்டா என்று. இவர் உண்டு என்று குறித்துவிட்டார்.

விஷயம் தெரிந்து ரூடி வந்து கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"யாருடா உன்னை டிக் அடிக்கச் சொன்னா?"

"கேட்டிருந்தான். உண்மையைப் போட்டேன்."

"கேப்பான்! ஆயிரம் கேப்பான்! அங்க ஏன்டா போன?"

"விமானத்துல ரெண்டு சீட் இருக்கு ரூடி. அந்த ரெண்டாவது சீட்டு ஆர்டிஸுக்கு. மேல போனப்புறம் எனக்கு மயக்கம் வந்தா அவ என்ன பண்ணுவா? டாக்டர் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லட்டும், நிம்மதியாக் கூட்டிட்டுப் போவேன்னு நெனச்சேன்."

ஆர்டிஸ் தட்டை நங்கென்று வைத்தாள். "நான் வரேன்னு உன்கிட்ட எப்ப சொன்னேன்? எனக்கு ஏணி ஏறினாலே தலை சுத்தும்!"

டெல்மர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவளும் சொல்லவில்லை. சொன்னால் பசை காய்ச்சுகிற மனுஷன் மனசு உடைந்துபோகும் என்று சும்மா இருந்திருக்கிறாள்.

டாக்டர் முடிவு சொல்லவில்லை, விமானத் துறை மேலிடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து கடிதம் வந்தது. இதயப் பரிசோதனை அனுப்பு. அனுப்பினார். மூளைப் பரிசோதனை அனுப்பு. அனுப்பினார். நிராகரித்தார்கள். நிராகரித்ததும் கார் லைசன்ஸ் வழியும் மூடிப்போனது. டாக்டரிடம் போகாமலே இருந்திருந்தால் அன்றைக்கே பறந்திருக்கலாம். மறுபரிசீலனைக்கு எழுதினார். இன்னொரு பரிசோதனை கேட்டார்கள். இப்படியே ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அவர் லாரி மாதிரி ஒரு வண்டியைக் கடைவீதியில் ஓட்டிக்கொண்டு போனார், டிராக்டர் ஓட்டினார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புது விமானத்தை முதல் நாற்பது மணி நேரம் தனியாகப் பறந்து சோதிக்க வேண்டும். அதை ரூடி செய்தான். டெல்மர் புல்லில் நின்று கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்பார். இறங்கியதும், "மூணாவது சுத்துல ஒரு இருமல் கேட்டுச்சே?" என்பார். ரூடிக்கு அது கேட்டிருக்காது. திறந்து பார்த்தால் ஏதாவது கோளாறு இருக்கும்.

"வாடா, என்கூட உக்காரு. உன் விமானம்தானே" என்று ரூடி வருஷா வருஷம் கூப்பிட்டான்.

"நான் கட்டினதுல நான் சவாரியா? போடா."

போன மே மாதம் கடைசிக் கடிதம் வந்தது. இனி எழுத வேண்டாம், முடிவு இதுதான் என்று. டெல்மர் அதைப் படித்து மடித்து ஆர்டிஸிடம் கொடுத்தார். ஆர்டிஸ் என்னிடம் கொண்டுவந்தாள். நானும் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஜூலை வந்தது. கூட்டத்துக்கு முந்தின வாரம் ஆர்டிஸ் அவரிடம் சொன்னாள்: "டெல், இந்த வருஷம் ரூடியோட போ. எனக்காக. உன் பொருளு மேல இருக்கறப்ப நீ கீழ நிக்கறதப் பாக்க எனக்கு முடியல." அவர் சரி என்றார். இத்தனை சுலபமாகச் சரி என்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கே பயமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை நான் கூட்டத்தின் சமையல் கூடாரத்தில் தோசைக்கல்லைவிடப் பத்து மடங்கு பெரிய கல்லில் பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் பக்கத்தில் தொத்திறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். டெல்மரும் ரூடியும் ஓடுபாதையின் மேற்கு முனை விமானக் கொட்டகையிலிருந்து கிளம்பி மேலே போனார்கள். கிரீம் நிறத்தில் சிவப்புக் கோடு போட்ட விமானம். வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நாலு வட்டம் சுற்றிவிட்டு இறங்க வந்தது. தரைக்கு ஒரு வீட்டு உயரம் இருக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்தது. மூக்கு திரும்பியது. ஆர்டிஸ் கரண்டியைக் கீழே போட்டாள். இன்ஜின் உறுமியது, மறுபடி மேலே போய்விட்டது. இரண்டாம் தடவையும் அதே மாதிரி. மூன்றாம் தடவை பூப்போல உட்கார்ந்தது.

ஹார்லன் நல்லவன். நல்லவர்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்தான். ஒலிபெருக்கியில், "இதோ வந்துட்டார்! நம்ம ஊர் டெல்மர் ஹூப்னர், தன் கையால கட்டின விமானத்துல!" என்றான். ஆயிரம் பேர் கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். ஆர்டிஸ் முந்தானை மாதிரித் தன் சமையல் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். ஹார்லனின் மனைவி ஓடிப்போய், ஓட்டி வந்தவர்களுக்குக் கட்டுகிற நீலப் பட்டையை டெல்மர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

டெல்மர் நேராக ஹார்லன் மேடைக்கு நடந்தார். மைக்கை வாங்கினார்.

"ஓட்டினது ரூடி வோய்ட்" என்றார். "நான் உக்காந்து வந்தேன். ரெண்டு தடவை ஓட்டற கைப்பிடி என்கிட்ட இருந்துச்சு. ரெண்டு தடவையும் தப்பாப் போச்சு. பேர மாத்திச் சொல்லிடு ஹார்லன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். யாரோ ஒருத்தி மறுபடி கை தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். ஹார்லன் பெயரை மாற்றிச் சொன்னான்.

அப்புறம் என் வரிசையில் வந்து நின்றார். நீலப் பட்டை உள்ளவர்களுக்குச் சாப்பாடு இலவசம். அவர் என் மேசையிலிருந்த கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மற்றவர்களைப் போலப் பணம் கொடுத்தார்.

"டெல்மர், காத்து பலமா இருந்துச்சு. யாருக்கும் வரும்" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வராததைச் செய்தேன்.

"காத்து இல்ல பெர்னிஸ்" என்றார் மெதுவாக. "கை மறந்துபோச்சு. கால் எப்ப மிதிக்கணும்னு தெரியல. ஆறு வருஷமா அந்தக் கடிதம்தான் என்னைத் தடுத்துதுன்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னைக்கு அவங்க சரின்னு எழுதினாலும் என்னால எறக்க முடியாது. ஆர்டிஸ்கிட்ட சொல்லாத."

ஆர்டிஸ் இரண்டடி தள்ளி நின்றாள். எல்லாம் கேட்டது அவளுக்கு. அவர் தட்டில் தொத்திறைச்சி வைத்தாள்.

ஆகஸ்டில் விமானத்தை விற்பனைக்குப் போட்டார். வந்தவர்கள், "கட்டினவரே ஓட்டலையா? ஏன்?" என்று கேட்டார்கள். அவர் காரணத்தை அப்படியே சொன்னார். இறக்கத் தெரியாமல் போனதையும் சேர்த்துச் சொன்னார். யார் வாங்குவார்கள்? செப்டம்பரில் பக்கத்து மாநிலம் இல்லினாயிலிருந்து ஒருவன் வந்து இன்ஜினை மட்டும் கழற்றி வாங்கிப் போனான். அவன் வேலை செய்யத் தெரியாமல் தடுமாறியதைப் பார்க்கப் பொறுக்காமல் டெல்மரே ஸ்பானரை வாங்கிக் கழற்றிக் கொடுத்தார்.

ரூடி இப்போது விமானக் கொட்டகைப் பக்கம் வருவதில்லை. "இன்ஜின் போன அந்த மூக்கில்லாத முகத்தை என்னால பாக்க முடியாது" என்கிறான். பிள்ளைகள் தொலைபேசியில் பேசுகிறார்கள். ஆர்டிஸ் கார் இன்னும் வெளியேதான் நிற்கிறது, வீட்டுக் கார்க் கொட்டகை காலியாக இருந்தும். பழகிவிட்டது என்கிறாள்.

டெல்மர் ஞாயிறு தவிர எல்லா மத்தியானமும் ஓடுபாதை மேற்கு முனையில், சோளக் கிடங்கைத் தாண்டி இரண்டாவது கொட்டகையில், தன் விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் இருப்பார். கதவு திறந்துதான் இருக்கும். இந்தப் பக்கம் வந்தால் போய்ப் பாருங்கள். இன்னும் காலம் இருக்கிறது, கடவுள் வழி விடுவார் என்றெல்லாம் சொல்லித் தொலைக்காதீர்கள், அதை நாங்களே நிறையச் சொல்லிவிட்டோம். இறக்கைக்குள் எப்படி இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டுவார். ஒரு அரை மணி நேரம் பாருங்கள். அவருக்கு வேறு யாரும் வருவதில்லை.