லைலாவை விற்ற வாரம்

என் சித்தப்பாவிடம் மூன்று குதிரைகள் இருந்தன என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெங்களூரில் ஆள் நிற்கவே இடமில்லை, குதிரையை எங்கே கட்டினார் என்று கேட்கிறார்கள். அல்சூரில், ஏரிக்குப் பின்பக்கச் சந்தில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் அதெல்லாம் முடிந்தது. பந்தயத்துக்கு இனி உதவாது என்று கழித்துவிட்ட குதிரைகளை வாங்கி வந்து, கல்யாண ஊர்வலங்களுக்கும், குதிரையேற்றம் பழக வரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் விடுவதுதான் அவர் பிழைப்பு.

வெள்ளைக் குதிரை மோத்தி மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து தன்னையே மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தது. பழுப்புக் குதிரை துரைக்கு யார் சட்டையிலும் பொத்தான் இருக்கக் கூடாது, பிய்த்துத் துப்பிவிடும். மூன்றாவது லைலா. கறுப்புப் பெண்குதிரை, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. எனக்கு லைலா என்றால் உயிர்.

ஐந்தாம் வகுப்பின் தசரா விடுமுறையில், ஒரு திங்கட்கிழமை காலை, அப்பா என்னைத் தொம்மலூரிலிருந்து கூட்டிவந்து சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. அதனால் அந்த வீட்டில் என் ஆட்டமெல்லாம் செல்லுபடியாகும், குதிரை ஏறுவதைத் தவிர. "விழுந்தா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார் சித்தப்பா. அந்த முறை நான் கேட்கவேயில்லை. அவராகவே என்னை அலாக்காகத் தூக்கி லைலாமேல் உட்கார வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஒருத்தர் இவளப் பாக்க வராரு. நீதான் ஓட்டிக் காட்டணும். நல்லா ஓட்டுனா நல்ல எடத்துக்குப் போவா. இல்லன்னா ஜட்கா வண்டிக்காரன்தான் புடிச்சிட்டுப் போவான்."

ஜட்கா குதிரைகளை நான் சிவாஜிநகர் பக்கம் பார்த்திருக்கிறேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். தோள் புண்ணில் ஈ மொய்க்கும். மேட்டில் ஏற முடியாமல் நின்றால் சாட்டை விழும். "விக்கவே வேணாம் சித்தப்பா" என்று அழுதேன். அவளுக்குக் கல்யாண பேண்டுச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, சும்மா கட்டிவைத்து எத்தனை நாள் தீனி போடுவது என்றார். ஆக, லைலாவை ஜட்காவிலிருந்து காப்பாற்றும் பொறுப்பு பத்து வயதில் எனக்கு வந்துவிட்டது. அழுகையைத் துடைத்துக்கொண்டு லகானைப் பிடித்தேன்.

குதிரை வைத்திருப்பது என்றால் சவாரி செய்வதுதான் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். விடிவதற்குள் சாணம் அள்ளி, ஊறிய கொள்ளில் தவிடு பிசைந்து மூன்று தொட்டிகளிலும் போட வேண்டும். வைக்கோல் திரியால் உடம்பு முழுக்கத் தேய்த்துவிட வேண்டும். காலை மடக்கிப் பிடித்துக் குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுக்க வேண்டும். என் பாவாடையிலிருந்து தலைமுடிவரை குதிரை நாற்றம். சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

எல்லாம் முடிந்து வெயில் ஏறுமுன் சவாரி. சித்தப்பா மோத்திமேல் முன்னால் போவார், நானும் லைலாவும் பின்னால். சந்து, குழாயடி, சாக்கடைமேல் போட்ட கல்பலகை, அதைத் தாண்டி மைதானம். மைதானத்தில் மூன்று சுற்று, வந்த வழியே திரும்பல். தினமும் இதே வழி. ஏரியைச் சுற்றிப் போகலாமே என்றால், ஒரே வழியில் போனால்தான் பழக்கம் வரும் என்பார். இன்னொரு கட்டளையும் உண்டு. நான் வாய் ஓயாமல் பேச வேண்டும். "நீ பேசுனாத்தான்டி அவ நடப்பா. வாய மூடாத. பலக வந்தா பலகன்னு சொல்லு, திரும்பணும்னா திரும்புன்னு சொல்லு."

வகுப்பில் பேசியதற்காக வாரத்துக்கு இரண்டு நாள் பெஞ்சுமேல் நிற்கிற எனக்கு இது போதாதா? பதினாறாம் வாய்ப்பாடு, டீச்சரின் கொண்டை, அப்பா அம்மா சண்டை எல்லாவற்றையும் லைலாவிடம் சொல்லித் தீர்த்தேன். அவளும் காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டே வருவாள். சனிக்கிழமை கல்பலகை அருகே எனக்கு விக்கல் வந்து பேச்சு நின்றது. லைலாவும் நின்றாள். அவள் முதுகு நடுங்குவது என் தொடையில் தெரிந்தது. சித்தப்பா மோத்தியிலிருந்து குதித்து ஓடிவந்தார். "பேசுடி, பேசு, ஏன் நிறுத்துன?" என்று கத்தினார். விக்கிக்கொண்டே "பலக" என்றேன். காலைத் தூக்கி வைத்துப் பத்திரமாகத் தாண்டினாள். என் குரலுக்கு அவ்வளவு மவுசா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திக்கு மட்டும் இதில் எதுவும் பிடிக்கவில்லை. "கொழந்தையப் போய் இதுல இழுக்கறீங்களே" என்று ஒருநாள் அடுப்படியிலிருந்து சொன்னார். நீ சும்மா இரு என்று சித்தப்பா சொல்லிவிட்டார். நான் விழுந்துவிடுவேன் என்று சித்தி பயப்படுவதாக நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தவர் சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த கன்னடக்காரர். மகளுக்குத்தான் குதிரை. அவளுக்கு என் வயது, இரட்டைச் சடை. இது உதைக்குமா என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டாள். "என் பேச்சை அப்படியே கேட்கும், பயப்படாதே" என்றேன். அது பொய்யில்லை. பிறகு ஓட்டிக் காட்டினேன். என் ஆயுளில் எதையும் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. இத்தனூண்டு பெண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு சாதுவாக நடக்கிறது என்று அந்த மனிதர் அசந்துபோனார்.

பிறகு கிட்டே வந்து லைலாவின் முகத்தைத் தடவிப் பார்த்தார். தடவிய கை நின்றது. கண்ணில் என்ன நீலமாகப் படர்ந்திருக்கிறது என்று கேட்டார். வெளிச்சம் பட்டால் கறுப்புக் குதிரைக்கு அப்படித்தான் தெரியும் என்றார் சித்தப்பா. கன்னடக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. டாக்டரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அடுத்த வாரம் என்றால் ஜட்கா. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "லைலாவக் கூட்டிட்டுப் போங்க அங்கிள், ப்ளீஸ்" என்று ஓவென்று அழுதேன். அவர் என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது சித்தப்பா வந்து என் தலைமேல் கையை வைத்தார். கொள்ளும் தோலும் மணக்கும் பெரிய கை.

"ஈ மகு மேலே ஆணே" என்றார். இந்தக் குழந்தைமேல் ஆணை, குதிரையின் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

குழந்தை தலையில் அடித்துச் சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? கன்னடக்காரர் தலையாட்டிவிட்டார். காபியோடு வந்த சித்தி தட்டை மண்ணிலேயே வைத்துவிட்டு, அந்தக் கைக்குக் கீழேயிருந்து என்னை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே போனார். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நான் அழகாகக் குதிரை ஓட்டியதற்குத் திருஷ்டி கழிக்கிறார் என்று பெருமையாக நின்றேன். அப்புறம் கோயிலுக்கு இழுத்துப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்தார். அர்ச்சனை முடியும்வரை அழுதார். லைலாவைப் பிரிந்த துக்கம் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

மூன்று வாரம் கழித்து, அம்மா பக்கத்து வீட்டில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். லைலா அந்தப் பெண்ணோடு திராட்சைப் பந்தலின் கல்தூணில் போய் மோதிவிட்டாள். பெண்ணுக்குக் கை முறிந்தது. லைலாவுக்கு முன்னங்கால் இரண்டும் போய், டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நாள் முழுக்க அழுதேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல மறந்துவிட்டேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!

லைலாவுக்குப் பார்வையே இல்லை என்பதை என் பதினேழாம் வயதில் சித்தி சொன்னார். சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை.

ஆனால் நடுவிலிருந்த அந்த ஆண்டுகளில் சித்தப்பாவைப் போல என்மேல் பாசம் வைத்தவர் யாருமில்லை என்று நான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எனக்குத் தும்மல் வந்தால் போதும், யார் சொல்வார்களோ தெரியாது, அல்சூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று, "சாப்பிட்டாளா? ஜொரம் எறங்கிச்சா?" என்று அம்மாவிடம் மட்டும் கேட்பார். இறங்கிவிட்டது என்று கேட்கும்வரை நகரமாட்டார்.

ஏழாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்தது. பத்து நாள் காய்ச்சல் இறங்கவில்லை. பத்தாம் நாள் சித்தப்பா முதல்முறையாக உள்ளே வந்து கட்டில் அருகே உட்கார்ந்தார். தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தார். குதிரைகளையெல்லாம் விற்றுவிட்டிருந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவர், பாதியில் மடக்கிக்கொண்டார். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது, பாவம். டைபாய்டு தொட்டால் ஒட்டாது சித்தப்பா என்று சிரித்து, அந்தக் கையைப் பிடித்திழுத்து நானே என் தலைமேல் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் சித்தப்பா கிழவராகிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.