எண்ணெய் கழுவிய பன்னிரண்டு நிமிடம்

தேவப்பிரியம் ராயபுரத்தில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. கேஸ் வெல்டிங் கற்றான். அவன் போட்ட ஒட்டு கசிந்ததாக யாரும் சொன்னதில்லை. 1953-இல், மூழ்கிய கப்பல்களைத் தூக்கும் கம்பெனி ஒன்று தன் இரும்பு அறையை அவன் பொறுப்பில் விட்டது.

ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறும் டைவருக்கு இரத்தத்தில் குமிழி கட்டிக் கைகால் முடங்கும். அவரை அறைக்குள் கிடத்தி, காற்றை அழுத்தி ஏற்றிக் குமிழியைக் கரைத்து, பிறகு மணிக்கணக்கில் மெல்ல இறக்க வேண்டும். இறக்கும்போது முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்பது கம்பெனி டாக்டரின் புது ஏற்பாடு. அவர் வருமுன் ஆபத்து நேர்ந்தால் தேவப்பிரியமே காற்றை ஏற்றத் தொடங்கலாம்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தரை மணி. காலையில் நன்றாக மேலேறி, காசிமேட்டு வீட்டுக்குப் போன டைவர் பொன்னுரங்கத்தை ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்தாள் மனைவி மங்கை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடலுக்குப் போனவனுக்குக் கால் பிடித்தால் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பது குப்பத்து வழக்கம். அவளும் தேய்த்திருந்தாள், உடம்பு முழுக்கப் பளபளத்தது.

"சீக்கிரம் உள்ள போடு நைனா!"

"எண்ணெய கழுவாம முடியாதுக்கா."

"இன்னாது? காலு செத்துகினு கீது, உனுக்கு இவர குளிப்பாட்டணுமா? மாப்ள ஊர்வலமா போறாரு?"

"கதவ மூடுனா நடுவுல தொறக்க முடியாது. அப்பால குடுக்கற ஆக்சிஜன் பட்டா எண்ணெ தானா பத்திக்கும். உள்ள இவரும் தொணையாளும் கருகிப் பூடுவாங்க. வெல்டிங் ஷாப்புல பாத்துகீறேன்."

வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தலைமுடியிலிருந்து நகக்கண்வரை தேய்த்தான். மங்கை திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. துணைக்கு உதவியாள் மஜீதை உள்ளே அனுப்பிக் கதவை முடுக்கி, காற்றை ஏற்றினான்.

அரைமணி கழித்துப் பேச்சுக்குழாயில் பொன்னுரங்கத்தின் குரல் வந்தது: "மாமு, கட்ட வெரல்ல எறும்பு ஓடுது!"

"ஓடட்டும். படுத்துகினே இரு."

டாக்டர் வந்து ஆக்சிஜனைத் தொடங்கினார். இரவு எட்டு மணிக்குப் பொன்னுரங்கம் தன் காலாலேயே வெளியே வந்தான். இடது காலில் மட்டும் இரண்டு விரல் மரத்தே நின்றன.

"அந்த ரெண்டு வெரல நீதான் துன்னுட்ட," என்றாள் மங்கை.

அவள் சொன்னது பொய் என்று தேவப்பிரியத்தால் சொல்ல முடியவில்லை, டாக்டராலும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், டைவர்கள் வீடு ஒவ்வொன்றாகப் போனான். வலி என்றால் எண்ணெய்ச் சட்டியைத் தொடாமல் நேரே அறைக்குக் கொண்டுவரும்படி பெண்களிடம் சொன்னான். மங்கையின் வீட்டில் மட்டும் வாசலிலேயே நின்று சொன்னான்.