பெட்டியோடு போகிற காட்சி

என் வீட்டுக்காரரை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேச முடியாது. உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார், நடந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து எதையும் எடுக்காமல் மூடுவார். சோபாவில் இருக்கும்போதுகூட ஒரு கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பிப் பிழைக்க வேண்டும். பகலெல்லாம் அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குச் சாயங்காலம் கால் அடங்குமா? தெருவில் அவருக்கு 'ரெண்டாம் பிரேக்' என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். பொறுமை வேண்டிய வேலை. இருக்கிற பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடும், வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருக்காது. எங்கள் பெண் பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு 'குட்டி' என்றுதான் பெயர். குட்டி பேசினால் எதிரில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். தோளைக் குறுக்கிக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள். ஆனால் பாட ஆரம்பித்தால் எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ, மாடி வீட்டுக்காரர்கள் டீவி சத்தத்தைக் குறைப்பார்கள்.

அந்தக் குரலைப் பாட்டு டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். பள்ளியில் போடுகிற இசை நாடகத்தில் குட்டிதான் கதாநாயகி. கதையை எழுதியதும் அந்த டீச்சர்தான். துணிக் கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தி, நன்றாகப் பாடுவாள். புருஷனுக்கு அது பிடிக்காது. ஒருநாள், தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். 'போகாதே' என்று புருஷன் சொல்லச் சொல்ல, அவள் பாடிக்கொண்டே போகிறாள். இடைவேளை. இரண்டாம் பாதியில் திரும்பி வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இந்த இரண்டாம் பாதியை நான் சொல்ல வரும்போதெல்லாம் இவர் எழுந்து ஃபிரிட்ஜைத் திறக்கப் போய்விடுவார்.

"இதெல்லாம் படிக்கிற புள்ளைங்க நடிக்கிற கதையா?" என்றார் முதல் நாளே.

"கதைங்க அது."

"கதைதான். ஆனா பழகறது யாரு? நான் தினமும் பாக்கறேன்ல. முதல் நாள் வர்றவங்க கியர் எங்கன்னு குனிஞ்சு தேடுவாங்க. ஒரு மாசம் போனா பேசிக்கிட்டே போடுவாங்க. கைகாலுக்குப் பழகிட்டா போதும், அப்புறம் அது மனசைக் கேக்காது. இவ தினம் சாயங்காலம் வீட்டை விட்டுப் போறதைப் பழகிட்டிருக்கா."

"போன வருஷம் நாடகத்துல மரமா நின்னாளே, இப்ப என்ன இலை விட்டுக்கிட்டா நிக்கறா?"

குட்டி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததோடு நிற்காமல், காலணியை மாட்டிக்கொண்டு கீழே போய் ஏற்கெனவே துடைத்த காரை மறுபடி துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் குனிந்தே நடந்த பெண் இப்போதுதான் நிமிர்கிறாள். அதைப் பார்த்துப் பெற்ற தகப்பனுக்கு வயிறு குளிர வேண்டாமா?

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதியே இல்லை. அவள் அறைக்குள் பாடினால் இவர் வெளியே நடப்பார். இவர் நடந்தால் அவள் குரல் தாழும். குரல் தாழ்ந்தால் நான் கதவைத் தட்டி, "சத்தமாப் பாடுடி, யாருக்காகப் பயப்படறே?" என்பேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடியை நகர்த்துகிற சத்தம்தான் பேச்சு.

அவள் பெட்டியோடு போகிற காட்சியை நீக்கச் சொல்லி இவர் கேட்டதால், தலைமை ஆசிரியை ஒரு கூட்டம் வைத்தார். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளிக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில்தான் இவர் வகுப்பைத் தொடங்கி, பிறகு ரோட்டுக்குக் கூட்டிப் போவார். அதனால் இவரிடம் கற்றுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளிப் பெற்றோர்கள். ஒவ்வொருவரிடமும் வண்டியிலேயே ஆதரவு கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு மந்திரி மாதிரிச் சொல்கிறார், "பேக்கரி அம்மா நம்ம பக்கம். மருந்துக்கடைக்காரர் நம்ம பக்கம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல."

விஷயம் எனக்கு வேறு வழியாகத் தெரிந்தது. பேக்கரிக்காரி கண்ணாடியின் காது வளைவைச் சரி செய்ய எங்கள் கடைக்கு வந்தாள். "உங்க வீட்டுக்காரர் எங்க வெச்சுக் கேட்டார் தெரியுமா? பாலத்துக்கு ஏறுற மேட்டுல. பின்னாடி லாரி நிக்குது, என் கால் க்ளட்ச்ல நடுங்குது, வண்டி பின்னாடி உருளுது. அப்போ, 'அந்தக் காட்சி வேண்டாம்தானே?'ன்னு கேக்கறார். நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் சொன்னேன். "மேட்டுல வெச்சுக் கேட்டா யாருங்க இல்லேன்னு சொல்லுவாங்க? உங்க கால்லதானே அவங்க உயிர் இருக்கு."

"என் வண்டியில உக்காந்து யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. பொய் சொல்ல அங்க நேரமே கிடையாது," என்றார். இதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

கூட்டம் பள்ளி அரங்கத்தில் நடந்தது. மேடையில் பிள்ளைகள் அட்டைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். குட்டியும் கையில் பிரஷ்ஷோடு அங்கே நின்றாள். இவர் எழுந்து, இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நன்றாகத்தான் பேசினார். பழக்கம், கைகால், மனசு எல்லாம் சொன்னார். அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்காமல், "இங்க பாதிப் பேர் என் கருத்துதான். வேணும்னா கை தூக்கச் சொல்லிப் பாருங்க," என்றார்.

தலைமை ஆசிரியை கேட்டார். இவர் கை மேலே போனது. மருந்துக்கடைக்காரர் பாதிக் கை தூக்கி, சுற்றிப் பார்த்து, அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார். வேறு ஒரு கையும் எழவில்லை. இவர் திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏதோ எல்லாரும் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தார்.

பேக்கரிக்காரி எழுந்தாள். கெட்டவள் இல்லை, ஆனால் வாய்த்துடுக்கு. "சார், தப்பா நினைக்காதீங்க. வண்டியில நீங்க என்ன கேட்டாலும் நான் ஆமான்னுதான் சொல்லுவேன். அன்னைக்கு என் பேக்கரியைக் கேட்டிருந்தாக்கூட எழுதிக் குடுத்திருப்பேன்."

அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "பிரேக் அவர்கிட்டல்ல இருக்கு," என்றார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இவரும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உயர்த்திய கையை இறக்கவும் மறந்து நின்றார் அந்த மனுஷன். வீட்டில் அவரை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன், அது என் பாடு. இவர்கள் யார் சிரிப்பதற்கு? எட்டி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். காட்சி இருக்கட்டும் என்று முடிவானது. நான் கேட்டது கிடைத்தது, ஒரு துளி சந்தோஷம் இல்லை.

வீடு வந்ததும் குட்டி பையைக்கூட இறக்காமல் சொன்னாள். "நான் நடிக்கல."

"என்னடி உளர்றே? காட்சி இருக்குன்னு சொல்லியாச்சே."

"அப்பாவைப் பாத்து சிரிச்சாங்கம்மா. நான் மேடையிலேர்ந்து பாத்துட்டேதான் இருந்தேன். அவங்க முன்னாடி நான் பாட மாட்டேன்."

இவர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தார். கேட்டது கிடைத்துவிட்டது, குதிக்க வேண்டியதுதானே? முகத்தில் ஈயாடவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

நாடகம் சனிக்கிழமை. பாட்டு டீச்சர் தினம் போன் செய்தார். பாட்டு தெரிந்த இன்னொரு பெண் இருக்கிறாள், ஆனால் அவள் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது என்று ஏறக்குறைய அழுதார். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிட மாட்டேன் என்றுகூட மிரட்டிப் பார்த்தேன். குட்டி மறுபடி தோளைக் குறுக்கிக்கொண்டு, பாதி கேட்கிற குரலில், "வேண்டாம்மா," என்றாள். இனி இவள் எப்போதும் இப்படித்தான் இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இவர் வகுப்பு முடிந்து வந்தால் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். வகுப்பில் யாரையோ சிவப்பு விளக்கில் நிறுத்த மறந்துவிட்டாராம். அவருக்கு அப்படி நடந்ததே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்வதற்கு முன்பே வந்தார். "ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க," என்றார்.

மைதானத்தில் யாரும் இல்லை. ஓட்டிப் பழகுவதற்காக வைத்த ஆரஞ்சு நிறக் கூம்புகள் மட்டும் வரிசையாக நின்றன. இவர் டிக்கியைத் திறந்து எங்கள் வீட்டு நீலப் பெட்டியை எடுத்துக் குட்டி முன்னால் வைத்தார்.

"தூக்கு."

தூக்கினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். "என்னப்பா இவ்வளவு கனம்?"

"உன் துணிதான். காலிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா காலின்னு பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். கை பொய் சொல்லாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரியைத் திறந்து, அவள் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து, இந்த மனுஷன் தன் கையால் அடுக்கியிருக்கிறார். எப்போது செய்தார் என்றே தெரியவில்லை.

"நான் நடிக்கலன்னு சொல்லிட்டேன்ல," என்றாள் குட்டி.

"சிரிச்சவங்களுக்காக நீ ஏன் நிறுத்தணும்? நான் வாயைக் குடுத்தேன், வாங்கிக்கிட்டேன். அது என் கணக்கு." காலால் மண்ணைக் கிளறினார். "எனக்கு பயம் குட்டி. வேற ஒண்ணும் இல்ல. நீ போயிடுவேன்னு பயம். அதை வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, நல்லது கெட்டதுன்னு ஊரெல்லாம் பேசிட்டிருந்தேன். சரி, உன் புருஷனா நடிக்கறவன் எங்க நிப்பான்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் மெதுவாகக் கை காட்டினாள். இவர் போய் அந்த இடத்தில் நின்றார்.

அவள் பாடத் தொடங்கினாள். பெட்டியோடு நாலு அடி வைத்திருப்பாள். "போகாதே," என்றார் இவர். நடிக்கத் தெரியாத மனுஷன், உள்ளே இருந்ததை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டார். குட்டியின் பாட்டு நின்றது. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏன் வந்தே?"

"நீங்க நிஜமாச் சொன்ன மாதிரி இருந்துச்சுப்பா."

"மறுபடி போ."

மறுபடியும் போனாள். "போகாதே," என்றார், முன்னைவிட மெதுவாக. அவள் இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, திரும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இவர் அவளிடம் நடந்து போனார். பெட்டியின் கைப்பிடியை அவள் கையில் எடுத்துக் கொடுத்தார். "இங்க பாரு. நான் போகாதேன்னுதான் சொல்லுவேன். எனக்கு அதுதான் வரும். அதுக்காக நீ நிக்கக் கூடாது. நான் எப்படிச் சொன்னாலும் நீ நிக்கக் கூடாது. புரியுதா?"

தலையாட்டினாள். இவர் தன் இடத்துக்குத் திரும்பி வந்தார். வேகமாக நடக்கிற ஆள், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

அவள் பாடினாள். இவர் சொன்னார். அவள் நிற்கவில்லை. ஒரு தோள் பெட்டிப் பக்கம் சாய, மற்றத் தோள் நிமிர, கூம்புகளைத் தாண்டி, மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் பாடிக்கொண்டே போனாள். தெருவில் இரண்டு பேர் நடையை நிறுத்திக் கேட்டார்கள். நான் காரில் சாய்ந்துகொண்டு அழுதேன், மறைக்கவும் தோன்றவில்லை.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. அவள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாப் போறா, இல்ல?"

"ஆமாங்க, நல்லாவே போறா," என்றேன்.